கல்லுக்கு முகவரி எழுதியவர்

ஏற்காட்டுக்குப் போகாத சேலம், நாமக்கல் மாணவர் யாராவது இருக்கீங்களா? செமஸ்டர் முடிந்த மறுநாளே பைக்கை எடுத்துக்கிட்டு 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்னு நாலு செல்ஃபி எடுத்து, சூடா பஜ்ஜி சாப்பிட்டு இறங்கிடறோம். அதே ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயம் என்று ஒரு பழைய தேவாலயம் இருக்கு. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஒருத்தருடைய அஸ்தி புதைக்கப்பட்டிருக்கு. நம்மில் பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவங்களுக்குத் தெரிந்திருக்கும். பல்லாவரம், 1863, கற்கோடாரி. ஒரு மார்க் கேள்வி. பதிலை டிக் பண்ணிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம்.

அந்த ஒரு மார்க்கைத் தாண்டி அவர் செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கல்லைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில், எந்த ஓடைக்கரையில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று ஐம்பது வருடம் விடாமல் எழுதிவைத்தார் பாருங்க, அதுதான் இன்றைக்கு நம் வேலைக்கு ஆகிற விஷயம். சிவில், ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எந்தத் துறையில் நீங்கள் இருந்தாலும் சரி.

வரைபடம் வரைய வந்த பையன்

ஃபூட் பிறந்தது 1834 செப்டம்பர் 22, இங்கிலாந்தின் செல்டனம் நகரில். 1858 டிசம்பரில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அப்போது வயது 24. நம்ம ஆட்கள் கேம்பஸில் தேர்வாகி முதல் போஸ்டிங்குக்குப் பெட்டி கட்டுகிற வயசு. அவருக்கு விழுந்த போஸ்டிங் சென்னை மாகாணம்.

அங்கே அவர் வேலை கல்லாயுதம் தேடுவது இல்லை. நிலவியல் வரைபடம் தயாரிப்பது. சர்வே துறை அச்சிட்ட அட்லஸ் தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதில் ஒரு அங்குலம் என்றால் தரையில் நான்கு மைல். குதிரையிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய், எந்தப் பாறை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்து அந்தத் தாளில் வண்ணம் தீட்ட வேண்டும். இரும்பு, நிலக்கரி, தங்கம் எங்கே கிடைக்கும் என்று அரசுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

அப்படி அவர் ஆரம்ப காலத்தில் வேலை பார்த்த இடங்களில் ஒன்று நம்ம சேலம் மாவட்டம். இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பழைய சேலம் அது. சக நிலவியலாளர் வில்லியம் கிங்கோடு சேர்ந்து சேலம், திருச்சி, தென்னாற்காடு பகுதிகளின் நிலவியலை எழுதினார். 1864இல் அது துறையின் வெளியீடாக வந்தது. கஞ்சமலை, கொல்லிமலை, தீர்த்தமலை இரும்புத்தாது அடுக்குகள் பற்றி அதில் இருக்கு. இன்றைக்கு நீங்கள் சேலம் உருக்காலையைப் பஸ்ஸில் கடக்கும்போது பின்னால் தெரிகிறதே கஞ்சமலை, அதன் தாதுப் பட்டைகளை நடந்து நடந்து தாளில் ஏற்றியவர்களில் அவரும் ஒருவர்.

அவர் குடும்பத்திலும் ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. அவர் மணந்தது எலிசபெத் என்பவரை. எலிசபெத்தின் அப்பா பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாக வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டவர். அவரும் கடைசியில் ஏற்காட்டில்தான் 1882இல் காலமானார். மாமனார் பழமொழி சேர்த்தார், மருமகன் கல் சேர்த்தார்.

பல்லாவரத்து ஜல்லிக் குழி

1863 மே 30. சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம். ராணுவ மைதானத்தின் அருகே சரளைக்கல் வெட்டிய ஒரு குழி. அங்கே கிடந்த கற்களில் ஒன்று ஃபூட்டின் கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் செதுக்கப்பட்டு, ஒரு முனை கூர்மையாக, கைக்கு அடக்கமாக இருந்தது. தண்ணீர் உருட்டிய கல் அப்படி இருக்காது. மனுஷன் கை பட்ட கல்.

அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? நான்கு வருடம் முன்னால், 1859இல், பிரான்ஸின் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கள் உண்மையிலேயே ஆதி மனிதனின் ஆயுதங்கள்தான் என்று இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்திருந்தார்கள். ஃபூட் அதைப் படித்திருந்தார். படித்ததை மனதில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அதே வருடம் செப்டம்பர் 28. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்ற ஊர். கிங்கும் ஃபூட்டும் அங்கே ஓடை அரித்த கரைகளில் கல்லாயுதங்கள் கிடப்பதைப் பார்த்தார்கள். சேகரித்ததோடு ஃபூட் நிற்கவில்லை. எந்த அடுக்கில் எது கிடந்தது, மேலே என்ன மண், கீழே என்ன மண் என்று நிலவியலாளனுடைய பழக்கத்தில் குறித்துவைத்தார். 1866இல் கட்டுரையாக வெளியிட்டார்.

இப்போ ஒரு நிமிடம் இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

பல்லாவரத்தைச் சுற்றி இன்றைக்கு விமான நிலையம், வீடுகள், கடைகள், ஜி.எஸ்.டி. சாலை. அந்தச் சரளைக் குழி எங்கே என்று கேட்டால் யாராலும் விரலை நீட்டிக் காட்ட முடியாது. இந்தியாவின் கற்கால ஆய்வு தொடங்கிய இடமே நகரத்துக்கு அடியில் போய்விட்டது.

அத்திரம்பாக்கம் தப்பித்தது. 1999இல் சாந்தி பப்பு தலைமையிலான குழு அங்கே புதிதாக அகழாய்வு தொடங்கியது. அங்கே கிடைத்த பழைய கைக்கோடாரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் அறிவித்தார்கள். 2018இல் இன்னொரு முடிவு வந்தது. அடுத்த கட்டக் கருவித் தொழில்நுட்பம் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று. உலகம் முழுக்க ஆதி மனிதன் பற்றிய கணக்கையே யோசிக்கவைத்த முடிவுகள் இவை. 136 வருடம் முன்னால் ஒருத்தர் ஓடையையும் மண்ணடுக்கையும் எழுதிவைத்ததில் இருந்து தொடங்கிய கதை இது.

எழுதிக்கொண்டே போனவர்

அதற்குப் பிறகு ஃபூட் தென்னிந்தியாவில் நடக்காத இடம் குறைவு. கர்நாடகத்துப் பாறைத் தொகுதி ஒன்றுக்குத் தார்வார் என்று பெயர் கொடுத்தார். கோலார் தங்கம் இருக்கிற பாறை வகை அது. கர்னூல் பக்கம் பில்லாசுர்கம் குகைகளை 1880களில் ஆராய்ந்தார். அங்கே தோண்டும் வேலையை அவர் மகன் ஹென்றி பார்த்தார். 1891இல் துறையில் இருந்து ஓய்வு. ஆனாலும் உட்காரவில்லை. பரோடா சமஸ்தானத்துக்கு நிலவியல் வேலை பார்க்கப் போனார். அங்கே சபர்மதி ஆற்றங்கரையிலும் கற்காலக் கருவிகளைக் கண்டார். 1940களில் எச்.டி. சங்காலியா குஜராத்தில் கற்கால ஆய்வு செய்யக் கிளம்பியபோது முதலில் தேடிப்போனது ஃபூட் குறித்திருந்த இடங்களைத்தான்.

பெல்லாரி பக்கம் சங்கனகல்லு, குப்கல் மலைகளையும் அவர் விடவில்லை. புதிய கற்கால மக்கள் கற்கோடாரிகளை மொத்தமாகச் செய்த இடம் அது. அந்தக் காலத்துத் தொழிற்பேட்டை என்று வைத்துக்கோங்க. நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 2000களில், அதே மலையை ஜல்லிக்காக உடைக்க ஆரம்பித்தார்கள். பாறை ஓவியங்களும் செதுக்கல்களும் இருந்த பாறைகளுக்கே ஆபத்து வந்தது. இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் எது எங்கே இருக்கிறது என்று இடம் இடமாகப் பதிவு செய்து, இது அழிகிறது என்று எச்சரித்தார்கள். பதிவு இருந்ததால் வாதாட முடிந்தது.

கடைசிக் காலத்தில் ஃபூட் ஏற்காட்டில் குடியேறினார். சேர்வராயன் மலையிலேயே புதிய கற்காலக் கோடாரிகள் கிடைத்தன. மெருகேற்றிய, வழவழப்பான கற்கள். மலைமக்கள் அவற்றைத் தங்கள் சின்னச் சின்னப் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டார்கள். வானத்தில் இருந்து விழுந்த இடிக்கல் என்று இந்த மாதிரிக் கற்களைச் சொல்கிற ஊர்கள் இன்றும் உண்டு.

40 வருடத்துக்கு மேல் சேர்த்த தொகுப்பை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. எழும்பூரில் அது இன்றும் இருக்கு. ஆயிரக்கணக்கான பொருட்கள், நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இருந்து. அவற்றுக்கு ஃபூட் ஒரு பட்டியல் தயாரித்தார். மாவட்டம் வாரியாக, ஊர் வாரியாக, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு டேட்டாபேஸ். ஐடி, பொருளின் விவரம், இடம். மூன்று காலமும் நிரம்பியிருக்கும். அது அச்சாகி வருவதற்குள், 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் காலமானார். வயது 78. அஸ்தி ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தது. பட்டியல் 1914இலும் அதற்கான குறிப்புகள் 1916இலும் வெளிவந்தன.

அவர் செய்ததில் ஒரு குறையும் சொல்லணும். கண்ட கல்லை எடுத்துக்கொண்டு போய்விடுவது அந்தக் காலத்து வழக்கம். அவரும் அதைத்தான் செய்தார். இன்றைக்கு நாம அதைச் செய்யக் கூடாது. ஏன் என்று கீழே வரும்.

தாளில் இருந்து திரைக்கு

ஃபூட் கையில் இருந்தது நான்கு மைல் ஒரு அங்குலத் தாள். அந்தத் தாளில் பென்சில் புள்ளி ஒன்று வைத்தாலே அதன் அகலம் தரையில் நூறு மீட்டரைத் தாண்டிவிடும். உங்கள் பாக்கெட்டில் இருக்கிற போன் திறந்த வெளியில் ஐந்து பத்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. அவர் பார்த்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

அவர் தொடங்கிய வேலையை டிஜிட்டலில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சாந்தி பப்பு குழுவே வட தமிழ்நாட்டுக் கற்கால இடங்களுக்குச் செயற்கைக்கோள் படங்களைப் பயன்படுத்தி 2010இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. கருவிகள் கிடைக்கிற மண்ணும் சரளையும் எங்கெங்கே பரவியிருக்கு, அந்த நிலத்தை மனிதர்கள் எப்படி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று மேலே இருந்து பார்ப்பது. புதிய இடத்தைத் தேடவும் அது உதவும், பழைய இடம் அழிவதைக் கவனிக்கவும் உதவும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இன்னொரு திட்டம் சிந்துவெளிப் பகுதியில் நடக்கிறது. பழைய சர்வே ஆஃப் இந்தியா தாள்களை ஸ்கேன் செய்து, அவற்றில் குறிக்கப்பட்ட மண்மேடுகளை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுகிறார்கள். அந்த மேடுகளில் பல உண்மையில் பழைய ஊர்களின் மிச்சம். நிறைய மேடுகள் உழுது சமமாக்கப்பட்டுவிட்டன. தாளில் மட்டும் மிச்சம்.

இங்கே ஒரு தொழில்நுட்பக் கண்ணி இருக்கு. சர்வேயிங் பேப்பரில் படித்திருப்பீங்க. பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. மாற்றாமல் அப்படியே ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நம்ம பகுதியில் புள்ளி நூறு, இருநூறு மீட்டர் தள்ளி விழும். அட, இருநூறு மீட்டர்தானே என்று தோணும். சட்டத்தைப் பாருங்க. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னத்தில் இருந்து 100 மீட்டர் வரை கட்டுமானமோ குவாரியோ தடை. அதற்கு அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. நம்ம நாமக்கல் கோட்டைக்கும் சங்ககிரி கோட்டைக்கும் இதே விதிதான். புள்ளி தப்பாக விழுந்தால் தடைப் பகுதிக்குள் இருக்கிற குழி வரைபடத்தில் வெளியே போய்விடும். பரீட்சையில் இரண்டு மார்க் போகிற தப்பு, களத்தில் ஒரு கோட்டைச் சுவரையே கொண்டுபோய்விடும்.

இஸ்ரோவின் புவன் தளத்தில் இப்போது பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் இடங்களையும் இந்த எல்லைகளையும் பார்க்க முடிகிறது. நல்ல விஷயம். ஆனால் பட்டியலில் இருக்கிறவற்றுக்குத்தான் அந்த வட்டம். பட்டியலில் இல்லாததற்கு வட்டமும் இல்லை, வேலியும் இல்லை, போர்டும் இல்லை.

நம்ம ஊர்ப் பக்கம்

நம்ம சமவெளியில் பட்டியலில் இல்லாதவைதான் அதிகம். மேட்டூர் பக்கம் மாங்காட்டிலும் தெலுங்கனூரிலும் கிடைத்த இரும்பு வாள்களுக்கு 3,000 ஆண்டுகளுக்கும் மேல் வயசு என்று கணித்திருக்கிறார்கள். அப்படி ஒரு நிலத்தில் நாம கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருக்கோம். உங்க ஊர்க் கரட்டோரமா வட்டமா அடுக்கின பெரிய கற்கள் இருக்கா? பாட்டி அதைப் பாண்டவர் குழின்னு சொல்லியிருப்பாங்க. அது இரும்புக் காலத்து ஈமக்குழியாக இருக்கலாம். ஏரிக்கரையில் வில்லோ வாளோ பிடித்த வீரன் செதுக்கிய கல் சாய்ந்து கிடக்கா? அது நடுகல். காட்டில் உழும்போது கறுப்பு சிவப்பு ஓடு வருதா? அதுவும் கணக்கில் சேரும்.

இவற்றை அழிக்கிறவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. தெரியாதவர்கள். பொக்லைன் ஓட்டுகிற அண்ணனுக்கு அது வெறும் கல். சாலை அகலப்படுத்தும் எஸ்டிமேட் போட்ட பொறியாளரின் வரைபடத்தில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. குவாரிக்கு ஏலம் விடும்போது கோப்பில் அது வெறும் கரடு. நாலு வருடம் கழித்து அந்த எஸ்டிமேட் போடப்போகிற பொறியாளர் நம்மில் ஒருத்தராகத்தான் இருப்போம் என்பதையும் மறந்துட வேண்டாம்.

அப்போ என்ன செய்யலாம்? ஃபூட் செய்ததையே செய்யலாம், கல்லை எடுக்காமல்.

ஒன்று, தொடாதீங்க, தோண்டாதீங்க. இடத்தை விட்டு எடுத்த கல் பாதி செய்தியை இழந்துவிடும். எந்த அடுக்கில் எதோடு கிடந்தது என்பதுதான் அதன் வயசைச் சொல்லும். உங்க ஹாஸ்டல் அலமாரியில் அது வெறும் பேப்பர் வெயிட்.

இரண்டு, போனில் இருப்பிடத்தை ஆன் செய்து படம் எடுங்க. அருகில் இருந்து ஒன்று, அளவுக்கு ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்து. தூரத்தில் இருந்து ஒன்று, பின்னால் கரடோ கோயிலோ தெரிகிற மாதிரி. ஜி.பி.எஸ். எண்ணோடு ஊர், சர்வே எண், ஓடை, பக்கத்து அடையாளம் எல்லாம் எழுதுங்க. எண் தொலைந்தாலும் விவரணை நிற்கும். அத்திரம்பாக்கம் அப்படித்தானே நின்றது.

மூன்று, க்யூ.ஜி.ஐ.எஸ். இலவச மென்பொருள். புள்ளிகளை ஒரு லேயராகப் போடுங்க. குவாரி, புதிய சாலை, லேஅவுட் இன்னொரு லேயர். சுற்றிலும் 100, 300 மீட்டர் வட்டம். எது மோதுகிறது என்று திரையிலேயே தெரியும். மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறவர்களே, இதோ ஒன்று.

நான்கு, புள்ளியை இன்ஸ்டாவில் போடாதீங்க. இது ரொம்ப முக்கியம். புதையல் தேடி ராத்திரியில் கடப்பாரையோடு வருகிறவனுக்கும் அதே மேப் வழி காட்டும். துல்லியமான இடத்தை அரசு தொல்லியல் துறைக்கும் வருவாய்த் துறைக்கும் மட்டும் எழுத்தில் கொடுங்க. ஊர் வி.ஏ.ஓ.வில் தொடங்கலாம். மண்ணுக்குள் இருந்து பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கு. கொடுத்த மனுவுக்கு ஒரு நகல் வைத்துக்கோங்க. நாளைக்கு மண் அள்ள வண்டி வரும்போது கையில் காட்ட ஏதாவது இருக்கணும் இல்லையா?

இதெல்லாம் செய்தாலும் எல்லாவற்றையும் காப்பாற்றிட முடியாது. சாலை வேண்டும், வீடு வேண்டும், ஜல்லியும் வேண்டும். பதிவு இருந்தால் குறைந்தபட்சம் சாலையைக் கொஞ்சம் வளைக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது என்றால் வேலை தொடங்கும் முன் ஆய்வு செய்யச் சொல்லலாம். பதிவே இல்லை என்றால் கேட்கக்கூட வாய்ப்பில்லை. போன பிறகுதான் போனதே தெரியும். பல நேரம் அதுவும் தெரியாது.

அடுத்த முறை ஏற்காடு போகும்போது ஒரு பத்து நிமிடம் அந்தத் தேவாலயத்துப் பக்கம் போய்ட்டு வாங்க. திரும்பி இறங்கும்போது வளைவுகளில் வண்டியை ஓரம் கட்டி கீழே பாருங்க. சேலம், அதைத் தாண்டிக் கஞ்சமலை, வானம் தெளிவாக இருந்தால் இன்னும் தூரத்துக் கரடுகள். ஃபூட் நடந்த நிலம்தான். அதில் உங்க ஊர் எங்கே இருக்குன்னு தேடுங்க. அந்த ஊரில் எந்தப் புள்ளியை வைக்கப் போறீங்க?